பத்தொன்பது பேருக்குக் காலை டிபன்

போன வருஷம் மார்ச் கடைசியில், பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்த கையோடு, நாங்கள் பத்தொன்பது பேர் சக்லேஷ்பூருக்குப் போனோம். அக்கா வீடு, இரண்டு அண்ணன் வீடு, எங்கள் வீடு, அம்மா, அப்புறம் வேலூரிலிருந்து பெரியம்மாவும் பெரியப்பாவும். பெரியவர்கள் பதினொரு பேர், பிள்ளைகள் எட்டு. மூத்தவனுக்குப் பதினான்கு வயது, கடைக்குட்டிக்கு இரண்டரை. பெங்களூரிலிருந்து சுமார் 220 கிலோமீட்டர், மூன்று கார். காபித் தோட்டத்து நடுவில் ஒரு பழைய ஓட்டு வீட்டை மூன்று ராத்திரிக்கு முழுசாக எடுத்திருந்தோம். சமையலுக்கு ஆள் வேண்டுமா என்று தோட்டத்துக்காரர் போனிலேயே கேட்டார். வேண்டாம், நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று சொன்னது நான்தான். அந்தப் பதிலை நினைக்காமல் அதற்கப்புறம் ஒரு மாதம்கூடப் போகவில்லை.

அப்போது எனக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. மதியமும் ராத்திரியும் எங்கே வேண்டுமானாலும் சாப்பிடலாம், காலையில் மட்டும் பிள்ளைகள் சூடாக வீட்டு டிபன் சாப்பிட வேண்டும், அதுவும் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து. சின்ன வயதில் முழுப்பரீட்சை லீவுக்கு வேலூர் போனால், பெரியம்மா வீட்டுக் கூடத்தில் பதினைந்து பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து இட்லி சாப்பிடுவோம். தட்டு காலியாவதற்குள் அடுத்த ஈடு வந்துவிடும். அந்தக் காலை என் பிள்ளைகளுக்கும் கிடைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அந்த வரிசைக்குப் பின்னால் அடுப்படியில் யார் நின்றார்கள், அவர்கள் எப்போது சாப்பிட்டார்கள் என்று அந்த வயதில் நான் எட்டிப் பார்த்ததே இல்லை.

இரண்டு பெரிய தூக்கில் இட்லி மாவு கொண்டுபோனோம். மார்ச் மாத வெயிலில், காரின் பின்பக்கச் சூட்டில், குணிகல் தாண்டுவதற்குள் மாவு பொங்கி மூடியைத் தள்ளிவிட்டது. சரி, மிஞ்சியதை வைத்து முதல் நாள் இட்லி. எங்களிடம் இருந்தது நாலு தட்டு இட்லிப் பானை, ஒரு ஈட்டுக்குப் பதினாறு. பத்தொன்பது பேருக்கு எழுபத்தைந்து இட்லி என்று வைத்தால்கூட ஐந்து ஈடு. வேகப் பத்துப் பன்னிரண்டு நிமிஷம், எடுத்து ஆறவைத்து, தட்டைக் கழுவி, எண்ணெய் தடவி மறுபடி ஊற்ற இன்னும் எட்டு நிமிஷம். கணக்குப் போட்டால் நூறு நிமிஷம். ஆறரைக்குப் பற்றவைத்த அடுப்பு, சாம்பார் சட்னியோடு சேர்த்து, ஒன்பதே முக்காலுக்குத்தான் அணைந்தது. மறுநாள் பூரி. எண்பத்தைந்து பூரி என்று சின்ன அண்ணி எண்ணிச் சொன்னாள். மூன்றாம் நாள், புளித்துப்போன மிச்ச மாவில் தோசை, ஒற்றைக் கல்லில். மூன்று நாளும் அடுப்பு முன்னால் நின்றது அம்மா. நாங்கள் மாறி மாறி நறுக்கினோம், தேய்த்தோம், கழுவினோம். கரண்டியை மட்டும் அம்மா யாரிடமும் கொடுக்கவில்லை. அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது.

எட்டு மணிக்கு மஞ்சராபாத் கோட்டைக்குக் கிளம்புவதாகத் திட்டம். 1792இல் திப்பு சுல்தான் கட்டியது, எட்டு முனை நட்சத்திர வடிவம். காலை வெயில் ஏறுவதற்குள் பிள்ளைகளை மேலே கூட்டிப்போய்விட வேண்டும் என்று பெரிய அண்ணன் ஆசையாக இருந்தார். பூரி முடிந்து நாங்கள் கிளம்பியபோது பதினொன்றே கால். உச்சி வெயிலில் படியேறி, பாதியிலேயே இரண்டு பேர் அழுது, மேலே போனதும் எல்லோரும் நிழல் தேடி உட்கார்ந்துவிட்டோம். இதற்கெல்லாம் நடுவில் பெரியப்பாவுக்குச் சர்க்கரை. மாத்திரை போட்டால் நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். எட்டரைக்கு அவர் யாரையும் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று பையிலிருந்த பிஸ்கட்டைச் சாப்பிட்டுக்கொண்டிருந்ததை என் மகள் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். ஆறே காலுக்கு எழுந்த சின்னப் பிள்ளைகளும் அதே பிஸ்கட்டைத்தான் சாப்பிட்டார்கள். பிள்ளைகளுக்காகவென்று செய்த டிபன், வந்து சேர்ந்தபோது பிள்ளைகளுக்குப் பசியே இல்லை.

இதெல்லாம்கூட மறந்திருக்கும். கடைசி நாள் காலை நடந்த ஒன்றுதான் மறக்கவில்லை.

மல்லிப்பூ வாசனை

கார்களில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தோம். அம்மா கையைத் துடைத்துக்கொண்டே வாசலுக்கு வந்தார். இரண்டு அடி வைத்தவர் அப்படியே நின்று மூச்சை இழுத்தார். "மல்லிப்பூ வாசனை மாதிரி வருதே, எங்கேர்ந்து?" என்று கேட்டார். அக்கா மகன் சொன்னான்: "ஆயா, அது காபிப் பூ. முந்தாநாள் பாத்திருக்கணும் நீங்க, தோட்டம் ஃபுல்லா வெள்ளையா இருந்துச்சு. இப்ப வாடிடுச்சு."

காபிச் செடி பூப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கோடை மழை ஒன்று நன்றாகப் பெய்தால், எட்டுப் பத்து நாளில் தோட்டம் முழுக்க ஒரே நேரத்தில் பூக்கும். கிளை நெடுகக் கொத்துக் கொத்தாக, இலை தெரியாத அளவுக்கு வெள்ளை. அச்சு அசல் மல்லி வாசனை. மூன்று நாலு நாள்தான், அப்புறம் பழுப்பாகிக் கொட்டிவிடும். நாங்கள் போன மறுநாள் காலைதான் அங்கே பூ விரிந்திருந்தது. பிள்ளைகள் பல் தேய்க்காமலேயே தோட்டத்துக்குள் ஓடினார்கள். நான் போட்டோ எடுத்தேன். பெரியம்மா கூட ஒரு நடை போய்வந்தார். அம்மா மட்டும் போகவில்லை. அந்த வீட்டு அடுப்படியின் ஒரே ஜன்னல் பின்பக்கம் விறகுக் கொட்டகையைப் பார்த்தது. சாம்பாரும் பூரி எண்ணெயும் மணக்கிற அறையில் பூ வாசனை எப்படி வரும்? டிபன் முடிந்ததும் கிளம்பும் அவசரம், வரும்போது இருட்டு. மூன்று நாள் காபித் தோட்டத்துக்கு நடுவில் இருந்துவிட்டு, வாசனை எங்கேயிருந்து வருகிறது என்று அம்மா நான்காம் நாள் கேட்கிறார்.

அல்சூரில் அம்மா வீட்டுக்கு வந்து பாருங்கள். சோமேஸ்வரர் கோயில் பக்கத்திலிருந்து தினமும் சாயங்காலம் இரண்டு முழம் மல்லி வாங்காமல் அம்மா வீடு திரும்பியதில்லை. முகூர்த்த நாளில் விலை எகிறினாலும் ஒரு முழமாவது உண்டு. அப்படிப்பட்டவருக்கு இந்தப் பூவைக் காட்டாமல் கூட்டிவந்துவிட்டோம். அம்மா அதைக் குறையாகச் சொல்லவே இல்லை. ஒரு வாடிய கொத்தைக் கிள்ளி மோந்து பார்த்து, முந்தானையில் முடிந்துகொண்டு காரில் ஏறிவிட்டார். ஹாசன் வரைக்கும் நான் வாய் திறக்கவில்லை.

இரண்டு பசி

அடுத்து டிசம்பரில் சிக்கமகளூரு போவதென்று முடிவானபோது, காலை டிபன் என் பொறுப்பு என்று நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். முதலில் மாற்ற வேண்டியிருந்தது எல்லோரும் ஒன்றாகச் சாப்பிட வேண்டும் என்ற என் ஆசையைத்தான். யோசித்துப் பார்த்தால், வீட்டில் நாங்கள் நாலு பேர் காலையில் நாலு நேரத்தில்தான் சாப்பிடுகிறோம். ஊருக்குப் போனால் மட்டும் பத்தொன்பது வயிறும் ஒரே நேரத்துக்கு எப்படிப் பசிக்கும்? சின்னப் பிள்ளைகளுக்கு ஆறரைக்கே பசி. பெரியப்பாவுக்கு எட்டு. ராத்திரி ஒரு மணி வரை பேசிவிட்டுப் படுத்தவர்களுக்கு ஒன்பதரை ஆனாலும் காபி போதும். ஒன்றாக உட்கார ராத்திரி இருக்கிறது. காலையில் இரண்டு பசிக்கு ஏற்பாடு செய்தால் போதும் என்று தோன்றியது. விடிந்ததும் வருகிற சின்னப் பசி ஒன்று, எட்டிலிருந்து பத்து வரை வருகிற பெரிய பசி ஒன்று.

சின்னப் பசிக்கு அடுப்பே வேண்டாம். ராத்திரி படுக்கப் போகும் முன்பே வராந்தா மேசையில் ஏலக்கி வாழைப்பழம், ஐயங்கார் பேக்கரி ரஸ்க், பன், மூடிபோட்ட டப்பாவில் பேரீச்சம்பழம். முட்டையை வேகவைத்து ஓடு உரிக்காமல் ஃபிரிட்ஜில். பாலுக்கு நந்தினி குட்லைஃப் பாக்கெட். பிரிக்கும் வரை ஃபிரிட்ஜ் தேவையில்லாததால் ஒரு பெட்டியாகவே ஏற்றிக்கொண்டோம். காபிக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு நாலு லிட்டர் ஆனது. கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே எல்லா அம்மாக்களிடமும் யாருக்கு எது ஆகாது என்று கேட்டுக்கொண்டேன். பெரிய அண்ணன் மகளுக்கு முந்திரி பட்டால் உதடு வீங்கும், அதனால் பொதுவில் வைக்கிற எதிலும் முந்திரி கிடையாது. கடைக்குட்டிக்கு அப்போதுதான் மூன்று முடிந்திருந்தது. முழு வேர்க்கடலை அந்த வயதில் மூச்சுக்குழாயில் சிக்கிக்கொள்ளும். அவன் கைக்கு எட்டும் மேசையில் கடலையும் இல்லை.

பெரிய பசிக்கு நான் வைத்துக்கொண்ட கட்டுப்பாடு ஒன்றே ஒன்று: ஒவ்வொன்றாகச் சுட வேண்டிய எதுவும் வேண்டாம். தோசை, பூரி, சப்பாத்தி எல்லாம் ஒரு ஆளைக் கல்லோடு கட்டிப்போடும். ஒரே பாத்திரத்தில் மொத்தமாக ஆகி, மூடி வைத்தால் ஒரு மணி நேரம் தாங்குவதாக இருக்க வேண்டும். இப்படி வடிகட்டினால் உப்புமா, அவல், பொங்கல், சேமியா நிற்கும். பொங்கலை நானே கழித்துவிட்டேன், ஆறினால் இறுகிவிடும். தேங்காய்ச் சட்னியும் வேண்டாம். அரைக்க மிக்சி தேட வேண்டும், இரண்டு மணி நேரத்தில் கெட்டுப்போகிற பயம் வேறு. தக்காளித் தொக்கும் எலுமிச்சை ஊறுகாயும் போதும்.

ரவையை வீட்டிலேயே வறுத்துக்கொண்டு போனேன். இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த நாலு காலையையும் காப்பாற்றியது இதுதான். இரும்பு வாணலியில் நல்லெண்ணெயும் நெய்யும் பாதிப் பாதி, கடுகு, உளுந்து, கடலைப்பருப்பு. பருப்பு சிவந்ததும் காய்ந்த மிளகாய். அப்புறம் கறிவேப்பிலை. இலையை முந்தின நாளே கழுவித் துணியில் உலர்த்தியிருக்க வேண்டும். கையில் எடுத்து நொறுக்கினால் பொடியாகும் வரை வதக்க வேண்டும். ஈரம் துளி நின்றாலும் டப்பாவுக்குள் பூஞ்சை பிடிக்கும். பச்சை மிளகாய், இஞ்சி, வெங்காயம் எதுவும் இதில் சேராது. அதன்மேல் ரவையைக் கொட்டி, சின்னத் தீயில், நிறம் மாறாமல் மணம் மட்டும் வரும் வரை கிளற வேண்டும். தாம்பாளத்தில் பரப்பி நன்றாக ஆறவிட்டு, அரைக் கிலோ அரைக் கிலோவாக டப்பாவில் அடைத்து, மேலே உப்பும் தண்ணீரும் எவ்வளவு என்று எழுதி ஒட்டினேன். அங்கே போய்த் தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஒரு பங்குக்கு மூன்று பங்கு ஊற்றிக் கிளறி மூட வேண்டியதுதான். கால் மணி நேரம். யாரும் செய்யலாம். முதல் நாள் அதைச் செய்தது அக்கா வீட்டு மாமா, மூன்றாம் நாள் பதினான்கு வயது மூத்தவன்.

ஒரு நாள் உப்புமா, ஒரு நாள் கெட்டி அவலில் எலுமிச்சை பிழிந்து, மறுபடி ஒரு நாள் உப்புமா, கிளம்பும் நாள் இருப்பதையெல்லாம் தீர்க்கிற பன்னும் பழமும். பாத்திரம் கழுவுவது பற்றி யாரும் பேச மாட்டார்கள், ஆனால் பாதி வேலை அதுதான். எழுபது பாக்கு மட்டைத் தட்டு வாங்கிக்கொண்டு போனோம், பிரச்சினை தீர்ந்தது.

"அப்ப எனக்கு என்ன வேலை?"

இந்தத் திட்டத்தை அம்மாவிடம் சொன்னபோது சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். முகம் சுருங்கிப்போனது. "உப்புமாங்கறது வேற வழியில்லாதப்ப கிண்டறது. பேரப்பசங்களுக்கு நாலு நாளும் அதையா போடுவாங்க?" என்றார். இதே ஊரில்தான், போர்க்காலத்து அரிசித் தட்டுப்பாட்டில் ரவையை வைத்து ரவா இட்லி கண்டுபிடித்ததாக எம்.டி.ஆர். ஹோட்டல்காரர்கள் சொல்வார்கள், இன்றைக்கு அதற்கு லால்பாக் ரோட்டில் வரிசையில் நிற்கிறோமே என்றேன். அம்மா அதைக் காதில் வாங்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, கீரை ஆய்ந்துகொண்டே, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "அப்ப எனக்கு என்ன வேலை?"

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அம்மாவுக்கு ஓய்வு கொடுக்கிறேன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் காதில் அது, நீ வேண்டாம் என்று விழுந்திருக்கிறது. பிள்ளைகள் பெங்களூரிலேயே நாலு மூலையில் இருக்கிறார்கள். ஒயிட்ஃபீல்டிலிருந்து அல்சூர் வர ஒன்றரை மணி நேரம் ஆகிறது என்று பெரிய அண்ணன் மாதம் ஒரு முறைதான் வருகிறார். பேரப்பிள்ளைகள் எட்டுப் பேரும் ஒன்றாகக் கையில் கிடைக்கிற நாட்கள் வருஷத்தில் இந்த ஏழெட்டு நாள்தான். அவர்களுக்குத் தன் கையால் போட வேண்டும் என்ற ஆசையை நான் எப்படிக் குற்றம் சொல்வேன்? அடுப்படியில் நிற்பது கஷ்டம் என்று சொல்லி அந்த ஆசையையும் சேர்த்துப் பிடுங்கப் பார்த்தேன். கையால் போடுவது வேறு, மூன்று மணி நேரம் கரண்டியோடு நிற்பது வேறு. இரண்டும் ஒன்றாகவே வரும் என்று அம்மாவும் நம்பியிருந்தார், நானும் நம்பியிருந்தேன்.

இரண்டு நாள் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். இட்லிப்பொடியும் தக்காளித் தொக்கும் அம்மா இங்கேயே செய்து டப்பாவில் போட்டுத் தருவார். அங்கே போனால் காபி அம்மாவுடையது, வேறு யாரும் தொடக் கூடாது. டிகாஷனை ராத்திரியே பெரிய ஃபில்டரில் இறக்கி வைத்துவிட வேண்டும், காலையில் பால் காய்ச்சினால் போதும். கடைக்குட்டிக்கு முதல் வாய் ஊட்டுவதும் அம்மா.

சிக்கமகளூருவில் முதல் நாள் காலை ஐந்தரைக்கு எனக்கு விழிப்பு வந்தது. அடுப்படியில் விளக்கு எரிந்தது. போய்ப் பார்த்தால் அம்மா நடுவில் நின்றுகொண்டிருந்தார், சொருகிய முந்தானையோடு. அடுப்பில் எதுவும் இல்லை. மேடையில் பெயர் எழுதிய டப்பாக்கள் வரிசையாக இருந்தன. எதைத் தொடுவது என்று தெரியாமல் கையை மேடைமேல் வைத்திருந்தார். ஐம்பது வருஷப் பழக்கம், எழுந்ததும் கால் அங்கேதான் போகிறது. நான் பாலை வைத்தேன். அம்மா டிகாஷன் கலந்தார். இரண்டு டம்ளரோடு வராந்தாவுக்கு வந்து உட்கார்ந்தோம். குளிர் வாட்டியது, எதிரில் இருந்த சில்வர் ஓக் மரங்கள்கூடத் தெரியாத பனி. கொஞ்ச நேரத்தில் கதவு திறந்து ஒவ்வொருவராக வந்தார்கள், போர்வையைச் சுற்றிக்கொண்டு. அம்மா முட்டையை எடுத்து வாசல் படியில் தட்டி, ஓட்டை உரித்து, உப்பும் மிளகும் தூவி ஆளுக்கொன்று கையில் கொடுத்தார். கடைக்குட்டி மடியில் உட்கார்ந்து ரஸ்க்கைப் பாலில் முக்கி அம்மா புடவையெல்லாம் ஒழுகவிட்டான். முக்கால் மணி நேரம் அப்படியே போனது. அதுவரை எங்கள் குடும்பத்தில் எந்தப் பயணத்திலும் அம்மா காலையில் முக்கால் மணி நேரம் சேர்ந்தாற்போல உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

மறுநாள் ஏழரைக்கெல்லாம் முள்ளையனகிரிக்குக் கிளம்பிவிட்டோம். 1930 மீட்டர், கர்நாடகத்திலேயே உயரமான சிகரம், வழியெல்லாம் கொண்டை ஊசி வளைவு. வளைவில் வாந்தி எடுக்கிற இரண்டு பேர் எங்களிடம் உண்டு என்பதால் அன்று பிள்ளைகளுக்குப் பால் இல்லை, வாழைப்பழமும் பன்னும் மட்டும். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. பெரியப்பா மட்டும் முன்பே கொஞ்சம் அவல் சாப்பிட்டார். அம்மாவும் பெரியம்மாவும் முழங்கால் வலியால் மேலே ஏறாமல், கார் நிற்கிற இடத்திலேயே உட்கார்ந்து கீழே மேகம் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பதினொரு மணிக்குத் திரும்பி வந்து, தட்டு போட்டு, அவலும் தொக்கும். அதை டிபன் என்பதா சாப்பாடு என்பதா தெரியவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

மூன்றாம் நாள் காலை அம்மாவும் நானும் தோட்டத்துக்குள் நடந்தோம். டிசம்பரில் பூ கிடையாது, பழுத்த காய்தான். கிளையெல்லாம் சிவப்பு. ஒன்றைப் பறித்து அம்மாவிடம் கொடுத்தேன். கடித்துப் பார்த்தார். காபியே கசப்புதானே, பழம் எப்படி இருக்கும் என்று தயங்கியவர் முகம் மாறியது. "இனிக்குதுடி" என்றார். கொட்டையை உள்ளங்கையில் துப்பி வைத்துக்கொண்டு, "பூ எப்ப வரும்?" என்று கேட்டார்.

சக்லேஷ்பூர் தோட்டத்துக்காரரின் நம்பர் என்னிடம் இருந்தது. இந்த வருஷம் மார்ச்சில் மறுபடி அதே வீட்டைக் கேட்டிருக்கிறோம். தேதி மட்டும் எழுதவில்லை. மழையைப் பொறுத்துச் சொல்கிறேன் என்றார் அவர். பிப்ரவரி பிறந்ததிலிருந்து அம்மா எனக்குத் தினமும் போன் செய்து ஒரே கேள்விதான், "அங்க மழை பெஞ்சுதான்னு கேட்டியா?" நேற்று ராத்திரி தோட்டத்துக்காரரே கூப்பிட்டார். ஒரு மணி நேரம் நல்ல மழையாம், மண் நன்றாக நனைந்துவிட்டதாம். அம்மாவிடம் சொன்னேன். அந்தப் பக்கம் விரல் விட்டு எண்ணுவது கேட்டது. "அப்ப அடுத்த வாரம் வெள்ளிக்கிழமைக்குள்ள அங்க இருக்கணும். நாளைக்கே ரவை வாங்கிட்டு வந்துடு, கறிவேப்பிலை நான் ஆய்ஞ்சு தரேன்" என்றார்.